பசுங்கணிக மரம் தப்பாக வந்தால்: அறிகுறி வாரியாகத் தேடும் வழி

மதுரையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் பி.சி.ஆர் கருவியை, அதாவது டி.என்.ஏ-வின் ஒரு துண்டைக் கோடிக்கணக்கில் பெருக்கும் கருவியை, பார்த்துக்கொள்வது என் வேலை. தை, மாசி வாக்கில் முதுநிலைப் பிள்ளைகள் ப்ராஜெக்ட்டுக்காக இலைப் பொட்டலங்களோடு வரிசையாக வருவார்கள். ஒருவர் அழகர்மலையில் பறித்தது, இன்னொருவர் சிறுமலையில் பறித்தது, ஒருவர் வீட்டுக் கொல்லையில் பறித்தது. எல்லோருக்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தச் செடி எதற்கு எவ்வளவு நெருங்கிய உறவு? இலையிலிருந்து டி.என்.ஏ எடுத்து, பசுங்கணிகத்தின் (குளோரோபிளாஸ்ட்டின்) டி.என்.ஏ-வில் ஒரு துண்டைப் பெருக்கி, அதன் ஏ, டி, ஜி, சி எழுத்து வரிசையைப் படித்து, யாருக்கு யார் சொந்தம் என்று காட்டும் உறவு மரம் வரைந்து பதில் தேடுவார்கள். ஒரு மாதம் கழித்து, "அக்கா, மரம் தப்பா வருது. சாப்ட்வேர்ல ஏதோ கோளாறு" என்று வந்து நிற்பார்கள்.

சாப்ட்வேரில் கோளாறு இருந்ததை நான் பார்த்தது மிகக் குறைவு. கோளாறு இலையில் இருக்கும், லேபிளில் இருக்கும், பிரைமரில் (பெருக்க வேண்டிய துண்டின் இரு முனையிலும் ஒட்டும் குட்டி டி.என்.ஏ-வில்) இருக்கும், வரிசையைத் திருப்பிப் போடாததில் இருக்கும். அதனால் கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறிக்கும் காசில்லாமல் சரிபார்க்கக்கூடியதை முதலில் வைத்திருக்கிறேன். செலவு பிடிப்பது கடைசியில் வரும். உங்கள் அறிகுறி எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேராகப் போய்விடலாம்.

அறிகுறி: டி.என்.ஏ உருண்டை பழுப்பாக இருக்கிறது

உருண்டை என்பது குழாயின் அடியில் படியும் டி.என்.ஏ கட்டி. கருவேலம், வெள்வேல், நாவல், மருதம், மா போன்ற துவர்ப்புள்ள இலைகளில் இது வரும். இலையிலுள்ள பாலிஃபீனால் காற்றுப் பட்டுக் கறுத்து, டி.என்.ஏ-வோடு ஒட்டிக்கொண்டது என்று பொருள்.

முதலில் கேட்க வேண்டியது, இலை எத்தனை மணி நேரம் பையில் கிடந்தது என்பதுதான். சித்திரை வெயிலில் சிறுமலையில் பறித்த இலையைப் பாலித்தீன் பையில் கட்டி பஸ்ஸில் கொண்டுவந்தால், ஆரப்பாளையம் வந்து சேர்வதற்குள் அது வெந்துவிடும். பறித்த இடத்திலேயே இலையைக் கிழித்து, டீ பேப்பரிலோ வடிதாளிலோ வைத்து, சிலிக்கா ஜெல் நிறைந்த டப்பாவில் போட்டு மூடுங்கள். இலையின் எடையைப் போலப் பத்து மடங்கு சிலிக்கா வேண்டும். நீலச் சிலிக்கா வெளுத்து ரோஸ் நிறமானால் மாற்றிவிடுங்கள். ஒன்றிரண்டு நாளில் இலை அப்பளம்போல நொறுங்க வேண்டும். பச்சை மாறாமல் நொறுங்கினால் நல்ல இலை. பழுப்பேறிக் காய்ந்திருந்தால் மறுபடி போய்ப் பறிப்பதே மேல்.

இலை நன்றாக இருந்தும் பழுப்பு வந்தால், முற்றிய இலையை விட்டுத் தளிருக்கு மாறுங்கள். அடுத்து, டி.என்.ஏ-வை இலையிலிருந்து பிரிக்கும் சி-டாப் கரைசலைப் பாருங்கள். பாலிஃபீனாலைப் பிடித்துக்கொள்ளும் பி.வி.பி 2% இருக்கிறதா? மெர்காப்டோஎத்தனாலை அன்றன்று சேர்த்தீர்களா, போன மாதம் கலந்து வைத்த பாட்டிலா? பழைய பாட்டில் என்றால் காரணம் அதுதான். புதிதாகக் கலக்கும்போது புகை உறிஞ்சும் பெட்டிக்குள் வைத்துக் கலக்குங்கள், அந்த நாற்றம் உடம்புக்கு ஆகாது.

அறிகுறி: உருண்டை வெள்ளைதான், ஆனால் கஞ்சிபோல வழவழவென்று இருக்கிறது

துத்தி, வெண்டை, சோற்றுக்கற்றாழை என்று குழகுழப்புள்ள செடிகளில் டி.என்.ஏ-வோடு சர்க்கரைப் பொருளும் சேர்ந்து இறங்கிவிடும். பைப்பெட் முனையில் நூல்போல இழுக்கும். ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்துச் சுத்தத்தை அளக்கையில் 260/280 விகிதம் 1.8 என்று அழகாகக் காட்டினாலும் 260/230 விகிதம் 1-க்குக் கீழே கிடக்கும். அந்த இரண்டாவது எண்ணைப் பார்க்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

இங்கே முதல் வைத்தியம் இலையைக் குறைப்பது. காய்ந்த இலை 20 மில்லிகிராம் போதும். "நிறைய டி.என்.ஏ வேண்டும்" என்று இலையைத் திணிப்பதால்தான் குழாயில் கஞ்சி. இரண்டாவது, ஆல்கஹால் ஊற்றும் முன் கரைசலில் உப்பைக் கூட்டுவது. 5 மோலார் சோடியம் குளோரைடைப் பாதி அளவு சேர்த்தால் சர்க்கரைப் பொருள் பெரும்பாலும் கரைசலிலேயே தங்கிவிடும். அப்புறம் 70% எத்தனாலில் இரண்டு முறை கழுவி உப்பை நீக்க வேண்டும். மூன்றாவது, ஃப்ரீசரில் இரவு முழுக்க வைக்காமல் இருப்பது. குளிர் கூடக்கூடச் சர்க்கரையும் சேர்ந்து இறங்கும். இத்தனைக்கும் மசியாத செடி என்றால், பொடித்த இலையை சி-டாப் ஊற்றும் முன் சார்பிட்டால் கரைசலில் இரண்டு மூன்று முறை கழுவிக் கொட்டுங்கள். துத்திக்கு நான் இப்போதெல்லாம் இதைத்தான் முதலிலேயே செய்கிறேன்.

இலையை மாற்றி, கரைசலை மாற்றி, மூன்று முறை செய்தும் தெளியாவிட்டால் சிலிக்கா தகடு வைத்த கிட் வாங்கலாம். அதற்கு முன்னால் வாங்குவது வீண் செலவு, ஏனென்றால் கெட்டுப்போன இலைக்குக் கிட்டும் உதவாது.

அறிகுறி: ஜெல்லில் பட்டையே இல்லை

பெருக்கிய டி.என்.ஏ-வை ஜெல்லில் ஓட்டினால் நீளத்துக்கு ஏற்ப ஒரு பட்டையாகத் தெரிய வேண்டும். அது தெரியாததில் மூன்று கிளை. உங்களுடையது எது என்று தெரியாமல் பிரைமரை மாற்றாதீர்கள்.

*எந்த மாதிரிக்கும் வரவில்லை, எப்போதும் வேலை செய்யும் மாதிரிக்கும் வரவில்லை.* எங்கள் ஆய்வகத்தில் வேப்பிலை டி.என்.ஏ ஒரு குழாய் எப்போதும் இருக்கும். அதற்கு ஆர்.பி.சி.எல் என்ற பசுங்கணிக ஜீனின் துண்டு கண்ணை மூடிக்கொண்டு வரும், ஏறத்தாழ 600 எழுத்து நீளத்தில். அதுவே வராவிட்டால் உங்கள் செடியில் குற்றமில்லை. பிரைமரை 100 மைக்ரோமோலாரிலிருந்து 10-க்குக் கரைத்தீர்களா, அல்லது கரைத்ததையே மறுபடியும் கரைத்துவிட்டீர்களா? பிரதியெடுக்கும் டாக் என்சைம் போட்டீர்களா? ராத்திரி மின்சாரம் போய் ஃப்ரீசர் இளகியதா? ஓட்டத்தின் நடுவில் கரண்ட் போனதா? கருவியின் பதிவைத் திறந்து பார்த்தால் கடைசிக் கேள்விக்கு உடனே விடை கிடைக்கும். எல்லாம் சரி என்றால், அதே கலவையை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியைப் பக்கத்துத் துறைக் கருவியில் ஓட்டுங்கள். அங்கே வந்து இங்கே வராவிட்டால் கருவியின் வெப்பத்தட்டில் பிழை. அந்த இடத்தில் சர்வீஸ் இன்ஜினியரைக் கூப்பிட வேண்டும், நாமாகத் திறக்கக் கூடாது.

*வேப்பிலைக்கு வருகிறது, என் செடிக்கு மட்டும் இல்லை.* டி.என்.ஏ-வைக் குறையுங்கள். பட்டை வரவில்லை என்றதும் பிள்ளைகள் டி.என்.ஏ-வைக் கூட்டுவார்கள், அதோடு தடுப்புப் பொருளும் கூடும். 10 மடங்கு, 50 மடங்கு, 100 மடங்கு நீர்த்து மூன்று குழாய் வையுங்கள். என்னிடம் வந்தவற்றில் பாதிக்கு மேல் இந்த ஒரு காரியத்திலேயே சரியானது. சரியாகாவிட்டால் பி.எஸ்.ஏ புரதம் கொஞ்சம் சேருங்கள். பிறகு பிரைமர் ஒட்டும் வெப்பநிலையை இரண்டிரண்டு டிகிரியாகக் குறையுங்கள்.

ஆர்.பி.சி.எல் வருகிறது, இன்னொரு பசுங்கணிக ஜீனான மேட்-கே வரவில்லை என்றால் அது வழக்கமான வீட்டுச் சண்டை. இந்த இரண்டையும்தான் 2009-இல் பன்னாட்டுக் குழு ஒன்று நிலத் தாவரங்களை அடையாளம் காணும் பொது டி.என்.ஏ பார்கோடாகப் பரிந்துரைத்தது. ஆனால் மேட்-கே வேகமாக மாறும் ஜீன். அதனால்தான் அது பயனுள்ளது, அதனால்தான் பிரைமர் ஒட்ட வேண்டிய இடமும் செடிக்குச் செடி மாறிக்கிடக்கிறது. உங்கள் குடும்பத்துக்கென்று வடிவமைத்த மேட்-கே பிரைமர் இருக்கிறதா என்று தேடுங்கள். பொதுப் பிரைமரோடு மல்லுக்கட்டி மாதத்தைக் கழிக்க வேண்டாம்.

மல்லியைத் தனியாகச் சொல்ல வேண்டும், நம் ஊரில் ஆண்டுக்கு ஒருவராவது மல்லியையோ பிச்சியையோ முல்லையையோ எடுத்துவிடுகிறார்கள். மல்லிக் கூட்டத்தின் பசுங்கணிகத்தில் ஜீன்களின் வரிசை மற்றச் செடிகளில் உள்ளதுபோல இல்லை. 1986-இல் முழுதாகப் படிக்கப்பட்ட புகையிலையின் பசுங்கணிகத்தை மாதிரியாக வைத்துப் பல பிரைமர்கள் உருவாயின. மல்லிப் பேரினத்திலோ பசுங்கணிக டி.என்.ஏ-வின் மிகப்பெரிய பாகத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சில தலைகீழ்த் திருப்பங்கள் நடந்து, பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்த ஜீன்கள் வேறு தெருவுக்குப் போய்விட்டன. 2007-இல் இதை விரிவாகக் காட்டினார்கள். ஒரு பிரைமர் ஒரு ஜீனிலும் அடுத்தது பக்கத்து ஜீனிலும் ஒட்டும்படி இருந்தால், மல்லியில் அந்த இரண்டும் எங்கெங்கோ இருக்கலாம். பட்டை வராது. சரிபார்ப்பு சுலபம்: ஒரே ஜீனுக்குள் இரண்டு முனையும் அடங்கும் ஆர்.பி.சி.எல் வந்து, இரண்டு ஜீன்களுக்கு நடுவிலுள்ள இடைவெளித் துண்டு மட்டும் வராவிட்டால் இதுவாக இருக்கலாம். உலகத்தார் படித்த வரிசைகளைச் சேர்த்துவைத்திருக்கும் ஜென்பேங்கில் உள்ள மல்லிப் பேரின முழு வரிசை ஒன்றை இறக்கி, உங்கள் பிரைமர் இரண்டும் எங்கே ஒட்டுகின்றன என்று தேடிப்பாருங்கள். காசில்லாத வேலை, அரை மணி நேரம்.

அம்மையார் கூந்தல் (கஸ்குட்டா என்ற ஒட்டுண்ணிக் கொடி) வகையை எடுத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒட்டுண்ணிகள் பசுங்கணிக ஜீன்களைத் தொலைத்துக்கொண்டே வந்திருக்கின்றன. அந்தப் பேரினத்தின் சில இனங்களில் மேட்-கே ஜீனே இல்லை. இல்லாததை எந்த வெப்பநிலையிலும் பெருக்க முடியாது.

*டி.என்.ஏ-வுக்குப் பதில் வெறும் தண்ணீர் போட்ட சோதனைக் குழாயிலும் பட்டை வருகிறது.* அந்த ஓட்டம் முழுவதையும் கொட்டிவிடுங்கள். "தண்ணீரில் மங்கலாகத்தான் இருக்கிறது, என் மாதிரி பளிச்சென்று இருக்கிறதே" என்று சமாதானம் சொல்லாதீர்கள். தண்ணீரையும் பிரைமரையும் புதிதாகச் சிறு குழாய்களில் பிரித்துக்கொள்ளுங்கள். பெருக்கிய பொருளைத் திறக்கும் மேசையும் கலவை போடும் மேசையும் வேறாக இருக்கட்டும். கலவை போடும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். மதுரைக் கோடையில் இது கொடுமைதான், ஆனாலும் நிறுத்துங்கள். எங்கள் ஆய்வகத்தில் இரண்டு மாதம் விடாமல் வந்த தண்ணீர்ப் பட்டை, மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த மேசையை மாற்றியதும் நின்றது.

அறிகுறி: வரிசை பாதிவரை தெளிவு, அப்புறம் குழப்பம்

ஒவ்வோர் எழுத்தையும் ஒரு மேடாகக் காட்டும் வரைபடமான குரோமேட்டோகிராமில் குழப்பம் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் பாருங்கள். ஏ-யோ டி-யோ பத்துப் பன்னிரண்டு முறை தொடர்ந்து வந்திருக்கும். என்சைம் அங்கே வழுக்கி, ஒரு பிரதியில் 11 எழுத்தும் இன்னொன்றில் 12 எழுத்துமாகச் செய்துவிடும். டி.ஆர்.என்.எல்–எஃப், டி.ஆர்.என்.எச்–பி.எஸ்.பி.ஏ ஆகிய இடைவெளிப் பகுதிகளில் இது சகஜம். மறுமுனைப் பிரைமரால் படித்து இரண்டையும் சேர்த்தால் போதும். அந்த ஓட்டத்தின் நீளத்தை மட்டும் மரத்துக்கான சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள், வரிசைகளை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கிய ஒப்பீட்டிலிருந்து அந்த நெடுக்குப் பத்தியை நீக்கிவிடுங்கள். ஒரே துண்டில் இரண்டு வழுக்கல்கள் இருந்தால் நடுவில் ஒரு புதுப் பிரைமர் வேண்டும்.

முதல் எழுத்திலிருந்தே இரட்டை மேடு என்றால் குழாயில் இரண்டு பொருள் இருக்கிறது. ஜெல்லைத் திரும்பப் பார்த்து இரண்டு பட்டை இருந்தால் வெட்டி எடுத்து அனுப்புங்கள். ஒரே பட்டை என்றால், ஒரே ஒரு இலையிலிருந்து புதிதாக டி.என்.ஏ எடுத்து மறுபடி ஓட்டுங்கள். அதற்கும் அடங்காவிட்டால், பசுங்கணிகத் துண்டின் பழைய நகல் நியூக்ளியஸிலோ மைட்டோகாண்ட்ரியாவிலோ ஒட்டிக்கிடந்து அதுவும் சேர்ந்து பெருகியிருக்கலாம். அதைப் பிரிக்க குளோனிங் (ஒவ்வொரு நகலையும் பாக்டீரியாவில் தனித்தனியாக வளர்ப்பது) வேண்டும். செய்து பழகியவரிடம் கொடுப்பதுதான் புத்தி. எதுவானாலும், சந்தேகமான மேட்டைக் கண்ணுக்குப் பிடித்த எழுத்தாக மாற்றி எழுதாதீர்கள்.

அறிகுறி: பிளாஸ்ட் வேறு ஏதோ செடியைக் காட்டுகிறது

பிளாஸ்ட் என்பது உங்கள் வரிசையோடு ஒத்துப்போவதை ஜென்பேங்கில் தேடித்தரும் கருவி. அது காட்டுவது அதே நாளில் நீங்கள் ஓட்டிய இன்னொரு மாதிரியா? அப்படியானால் குழாய் மாறிவிட்டது அல்லது தெறித்துவிட்டது. புதிதாக எடுங்கள்.

இல்லை என்றால் இலையிடம் போங்கள். ஒரு மாணவி மாவிலை என்று கொண்டுவந்ததில் இரண்டு மாதிரி சரியாக வந்தன, மூன்றாவது மட்டும் புல்லுருவிக் குடும்பத்தைக் காட்டியது. அவர் மூன்று வாரம் பிரைமரைச் சந்தேகப்பட்டார். தோப்புக்கு இருவரும் போய்ப் பார்த்தோம். அந்த மரத்தின் தாழ்ந்த கிளையில் புல்லுருவி தழைத்திருந்தது, கைக்கெட்டிய இலை அதனுடையது. பிளாஸ்ட் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. கொடி படர்ந்த வேலியிலும் இதே கதை. அம்மையார் கூந்தலில் வேறு விதம்: அது ஆடாதோடைமேல் படர்ந்திருந்தால், உறிஞ்சு வேரோடு சேர்த்து எடுத்த துண்டில் ஆடாதோடையின் டி.என்.ஏ-வும் இருக்கும். உறிஞ்சு வேர் இல்லாத தண்டு நுனியை எடுங்கள். அதைப்போலவே மஞ்சள் கயிறாகப் படரும் கொத்தான் லவங்கப்பட்டைக் குடும்பம், அம்மையார் கூந்தலோ விஷ்ணுகிரந்தியின் குடும்பம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருப்பதால் பிளாஸ்ட் லாரேசியே (லவங்கப்பட்டைக் குடும்பம்) என்று சொன்னால் அதையும் நம்பிப் பாருங்கள்.

பெயர் மாற்றமும் ஒரு காரணம். ஆவாரை முன்பு கேசியா, 1982-க்குப் பிறகு சென்னா. கருவேலம் அக்கேசியாவாக இருந்து வச்செல்லியா ஆயிற்று. சீயக்காயும் ஒருகாலத்தில் அக்கேசியாதான், இப்போது செனகாலியா. பழைய பெயரில் தேடிவிட்டு "வேறு பேரினம் வருகிறது" என்று பதறுகிறவர்கள் நிறைய. பழைய அக்கேசியா ஒரே குடும்பக் கிளை அல்ல என்று காட்டியதில் பசுங்கணிக டி.என்.ஏ-வுக்கும் பங்கு உண்டு.

எட்டு இனம் 100% பொருத்தம் என்று வந்தால் அது பிழையே இல்லை. ஆர்.பி.சி.எல் குடும்பத்தையும் பேரினத்தையும் சொல்லும், நெருங்கிய இனங்களைப் பிரிக்காது.

ஜென்பேங்கில் இருப்பவையும் யாரோ ஒருவர் பெயர் வைத்துப் போட்டவைதான். முதல் வரியை மட்டும் பார்க்காமல் முதல் இருபது வரிகளைப் பாருங்கள். பத்தொன்பது ஒரு குடும்பமும் ஒன்று வேறு குடும்பமும் என்றால் அந்த ஒன்றைச் சந்தேகியுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் புரியாவிட்டால் வகைப்பாட்டு அறிஞரிடம் போக வேண்டும். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியம் (காயவைத்த செடிகளின் சேமிப்பகம்) இருக்கிறது, கோவையில் இந்தியத் தாவர ஆய்வுத் துறையின் ஹெர்பேரியம் இருக்கிறது. போனில் எடுத்த இலைப் படத்தை மட்டும் அனுப்பிப் பெயர் கேட்காதீர்கள். பூவும் காயும் உள்ள கிளையை அழுத்திக் காயவைத்து, பறித்த இடம், தேதி, பூவின் நிறம், பால் வடிந்ததா என்பதை எழுதி எடுத்துப் போங்கள். டி.என்.ஏ எடுத்த அதே செடியின் கிளையாக அது இருக்க வேண்டும். காப்புக்காட்டில் பறிப்பதற்கு வனத்துறை அனுமதியை முன்பே வாங்கியிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அறிகுறி: ஆர்.பி.சி.எல் வரிசையைப் புரதமாக மாற்றினால் நடுவில் நிறுத்தக் குறி

நிறுத்தக் குறி என்பது புரதம் முடிகிறது என்று சொல்லும் மூன்றெழுத்து, ஜீனின் நடுவில் அது வரக் கூடாது. வரிசை தலைகீழாக இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, மும்மூன்று எழுத்தாகப் படிக்கையில் முதல் எழுத்து மூன்றின் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று மூன்று வாசிப்புச் சட்டகங்களிலும் மாற்றிப்பாருங்கள். பசுங்கணிகத்துக்குரிய மரபுக் குறியீட்டு அட்டவணை 11-ஐத் தேர்ந்தெடுங்கள். அப்படியும் வந்தால், ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கும் அல்லது கூடியிருக்கும், பெரும்பாலும் மங்கலான முனைகளில். குரோமேட்டோகிராமுக்குத் திரும்பிப் போங்கள். சுத்தமான மேடுகளுக்கு நடுவிலேயே நிறுத்தக் குறி இருந்தால் மட்டும், மேலே சொன்ன நியூக்ளியஸ் நகலை நினையுங்கள்.

முழு ஜீன்களின் தொடக்கமும் முடிவும் எங்கே என்று அடையாளமிடுகிறவர்களுக்கு: தொடக்கத்தில் ஏ.டி.ஜி-க்குப் பதில் ஏ.சி.ஜி இருந்தால் திருத்தாதீர்கள். சில பசுங்கணிக ஜீன்களில் ஆர்.என்.ஏ ஆன பிறகுதான் அந்த எழுத்து மாறும்.

அறிகுறி: முழுப் பசுங்கணிகத்தை ஒட்டுகையில் இரண்டு விடை வருகிறது

பசுங்கணிக டி.என்.ஏ-வை வட்டமாக வரைவார்கள். அதில் பெரிய துண்டு, சிறிய துண்டு, நடுவில் ஒன்றுக்கொன்று தலைகீழான இரட்டைப் பகுதிகள் என்று நாலு பாகம் உண்டு. துண்டுகளை ஒட்டும் மென்பொருளான கெட்-ஆர்கனெல் ஓடி முடித்து இரண்டு கோப்பு தந்தால், இரண்டுக்கும் வித்தியாசம் சிறிய துண்டின் திசை மட்டும்தானா என்று பாருங்கள். அதுதான் என்றால் இரண்டும் சரி. ஒரே செடிக்குள் இரண்டு வடிவமும் இருக்கின்றன. 1983-லேயே ஜெஃப்ரி பாமர் என்ற ஆய்வாளர் இதை பீன்ஸ் செடியில் காட்டிவிட்டார். எல்லா மாதிரிக்கும் ஒரே திசையைத் தேர்ந்துகொண்டு ஒப்பிடுங்கள். தேராமல் ஒப்பிட்டால் 18,000 எழுத்து வேறுபாடு போலத் தோன்றும்.

வட்டம் மூடவில்லை என்றால் கருவி படித்துத் தந்த துண்டுகளின் எண்ணிக்கை குறைவா என்று முதலில் பாருங்கள். கடலை, பட்டாணி பக்கத்துச் செடி என்றால் அவற்றில் ஒரு தலைகீழ்ப் பகுதி தொலைந்தே போய்விட்டது, நாலு பாகத்தை எதிர்பார்க்காதீர்கள். கொண்டைக்கடலையைத்தான் சொல்கிறேன், நிலக்கடலை அந்தக் கிளையில் இல்லை.

அறிகுறி: எல்லா மாதிரியும் அச்சாக ஒன்றே

உசிலம்பட்டி, திருமங்கலம், பரவை என்று பத்துத் தோட்டத்துக் குண்டுமல்லியை எடுத்துக்கொண்டு வந்த மாணவர் ஒருவர், பத்தும் ஒன்றாக வந்ததும் கண்கலங்கிவிட்டார். நான் அவரிடம் நாற்று எங்கிருந்து வந்தது என்று தோட்டக்காரர்களைக் கேட்டுவரச் சொன்னேன். பெரும்பாலோர் சொன்னது ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடம். குச்சி வெட்டி வேர்விட வைத்த செடிகள். விதையே இல்லாமல் பரவிய செடி பத்துத் தோட்டத்திலும் ஒரே செடிதான். அவருடைய முடிவு தோல்வி இல்லை, சரியான விடை.

வெவ்வேறு இனங்களே ஒன்றாகத் தெரிந்தால் வேறு விஷயம். பசுங்கணிக டி.என்.ஏ மெதுவாக மாறும், நியூக்ளியஸின் வேகத்தில் ஏறத்தாழ பாதிதான். ஜீனிலிருந்து இடைவெளிப் பகுதிக்கு மாறுங்கள். அப்புறம் இரண்டு மூன்று இடைவெளிகளைச் சேருங்கள். பிறகுதான் முழுப் பசுங்கணிகம். ஓர் இனத்துக்குள்ளேயே வகைகளைப் பிரிக்க வேண்டுமென்றால் பசுங்கணிகத்தை விட்டுவிட்டு நியூக்ளியஸின் குறுந்தொடர்களுக்கு (சில எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் இடங்களுக்கு) போங்கள்.

அறிகுறி: ஒரு கிளை மட்டும் கொம்புபோல நீண்டிருக்கிறது

பத்தில் ஆறேழு முறை, அந்த ஒரு வரிசை மட்டும் திருப்பப்படாமல் இருக்கும். மறுமுனைப் பிரைமரால் படித்ததைத் தலைகீழாக்கி நிரப்பு எழுத்துகளாக மாற்றாமல் அப்படியே ஒட்டிவிட்டார்கள். ஒப்பீட்டைக் கண்ணால் பார்த்தால் அந்த வரி மட்டும் சல்லடைபோல இருக்கும். திருப்பிப் போட்டால் முடிந்தது.

அடுத்தது முனைகளை வெட்டாதது. அதற்கடுத்தது டி.ஆர்.என்.எச்–பி.எஸ்.பி.ஏ இடைவெளியில் வரும் சின்னத் திருப்பம். பி.எஸ்.பி.ஏ ஜீனின் வாலுக்குப் பக்கத்தில் கொண்டை ஊசிபோல வளையும் ஓர் இடம் உண்டு, அதன் நடுவிலுள்ள சில எழுத்துகள் ஒட்டுமொத்தமாகத் திரும்பிக்கொள்ளும். உறவே இல்லாத செடிகளில் தனித்தனியாகவும் நடக்கும். கணினி அதைப் பத்துப் பன்னிரண்டு மாற்றமாக எண்ணிவிடும், கூடவே திரும்பியவை எல்லாம் ஒரு கூட்டமாகச் சேர்ந்துவிடும். அந்தத் துண்டை மட்டும் திருப்பிப் போட்டு மறுபடி ஓட்டுங்கள், அல்லது நீக்குங்கள்.

இவை எதுவும் இல்லை, உண்மையிலேயே வேகமாக மாறிய செடி என்றால், நீண்ட கிளைகள் ஒன்றையொன்று இழுக்கும் சிக்கல் வரும். 2003-இல் பூக்கும் செடிகளின் அடியில் ஒருவித்திலைகள்தான் இருக்கின்றன என்று ஒரு பசுங்கணிக ஆய்வு சொன்னது. அதற்கு முன் 1999-இல் பல ஆய்வுகள் அந்த இடத்தை நியூ கலிடோனியாவின் ஆம்பொரெல்லா என்ற செடிக்குக் கொடுத்திருந்தன. 2003-இன் மரத்தில் ஒருவித்திலைகள் என்று இருந்தவை வேகமாக மாறும் புல் வகைகள் மட்டுமே. புல் அல்லாத ஒருவித்திலையான வசம்பின் பசுங்கணிகத்தைச் சேர்த்ததும் ஆம்பொரெல்லா தன் இடத்துக்குத் திரும்பியது. ஆகவே நீண்ட கிளையைக் கண்டால் ஜீனைக் கூட்டும் முன் செடியைக் கூட்டுங்கள். அந்தக் கிளைக்கு நெருங்கிய சொந்தங்களில் இரண்டு மூன்றைச் சேருங்கள்.

அறிகுறி: மரம் பாடப்புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை

எந்தப் புத்தகம்? பென்தம்–ஹூக்கர் வகைப்பாட்டைப் பின்பற்றும் புத்தகமானால் எருக்கு ஒரு குடும்பம், அரளி ஒரு குடும்பம். தேக்கும் நொச்சியும் வெர்பினேசியே. உங்கள் மரத்தில் எருக்கு அரளிக்குள்ளும், தேக்கும் நொச்சியும் துளசியோடும் வந்தால் கைதட்டுங்கள். 1993-இல் 499 ஆர்.பி.சி.எல் வரிசைகளைக் கொண்டு பெரிய மரம் வரைந்தார்கள், 1998-இல் டி.என்.ஏ-வை அடிப்படையாகக் கொண்ட ஏ.பி.ஜி வகைப்பாடு வந்தது, அதன் நாலாம் பதிப்பு 2016-இல். அதோடு ஒப்பிட்டுவிட்டு அப்புறம் கவலைப்படுங்கள்.

அதோடும் ஒத்துப்போகாவிட்டால் முரண்படும் கிளையின் பூட்ஸ்ட்ராப் எண்ணைப் பாருங்கள், அந்தக் கிளைக்குத் தரவு எவ்வளவு ஆதரவு தருகிறது என்பதை நூற்றுக்கு இத்தனை என்று சொல்வது அது. 70-க்குக் கீழே என்றால் மரம் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. வெளிக்குழுவாக (மரத்தின் வேரைக் காட்ட வெளியிலிருந்து சேர்க்கும் செடியாக) மிகத் தூரத்துச் செடியை வைத்திருந்தால் கிட்டத்தில் உள்ள ஒன்றை வையுங்கள்.

அறிகுறி: பசுங்கணிக மரம் ஒன்று சொல்கிறது, ஐ.டி.எஸ் மரம் வேறொன்று சொல்கிறது

ஐ.டி.எஸ் என்பது நியூக்ளியஸின் டி.என்.ஏ-வில் உள்ள ஒரு பகுதி. இரண்டு மரத்துக்கும் ஒரே குழாயின் டி.என்.ஏ-தானா? லேபிளை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். அடுத்து ஐ.டி.எஸ் வரிசையைத் தனியாகப் பிளாஸ்ட் செய்யுங்கள், பூஞ்சையாக இருக்கலாம். இலைக்குள் குடியிருக்கும் பூஞ்சையையும் பொதுப் பிரைமர் சந்தோஷமாகப் பெருக்கிவிடும். பிறகு, இரண்டு மரத்திலும் முரண்படும் கிளைகளுக்கு நல்ல பூட்ஸ்ட்ராப் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் 95, மற்றதில் 40 என்றால் அது முரண்பாடே இல்லை.

இரண்டும் உறுதியாக நின்று முரண்பட்டால் இரண்டையும் ஒரே கோப்பில் சேர்த்து முரணை மறைக்காதீர்கள். பசுங்கணிகம் பெரும்பாலான பூக்கும் செடிகளில் தாய் வழியாக வருவது. அதில் எத்தனை ஜீன் படித்தாலும் அவை சேர்ந்தே பயணிப்பவை, ஒரே தாய்வழிக் கதையைத்தான் திரும்பச் சொல்லும். எழுபது ஜீன் சொன்னாலும் சாட்சி ஒருவர்தான். ஐ.டி.எஸ் நியூக்ளியஸில் இருப்பது, அங்கே தந்தையும் பேசுவார். ஐரோப்பிய ஓக் மரங்களில், ஒரே காட்டில் நிற்கும் வெவ்வேறு இனங்கள் ஒரே பசுங்கணிகத்தைப் பகிர்ந்திருக்கின்றன. கலப்பு நடந்து பசுங்கணிகம் இனம் விட்டு இனம் தாண்டியிருக்கிறது.

தாய்வழி என்பதும் எல்லாச் செடிக்கும் பொருந்தாது. ஜெரானியம் குடும்பத்துப் பெலார்கோனியத்தில் இரு பெற்றோரும் கொடுக்கிறார்கள். மல்லிப் பேரினத்தின் சில இனங்களின் மகரந்தத்திலும் பசுங்கணிக டி.என்.ஏ இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். மல்லிக் கலப்பினங்களை ஆராய்கிறவர்கள் "தாய்வழி" என்று எழுதும் முன் தங்கள் இனத்தைப் பற்றித் தேடிப் படியுங்கள்.

கலப்பா, அல்லது பழைய மூதாதையின் வகைகள் இன்னும் பிரிந்து முடியாததா என்று தீர்ப்பதற்கு, நியூக்ளியஸில் நூற்றுக்கணக்கான ஜீன்கள் வேண்டும். அது முதுநிலை ப்ராஜெக்ட்டின் காசுக்கும் காலத்துக்கும் அடங்காது. இங்கே மக்கள்தொகை மரபியல் செய்கிறவரிடம் தரவோடு போய் உட்கார வேண்டும். போகும்போது இரண்டு மரங்கள், இரண்டு ஒப்பீட்டுக் கோப்புகள், மூலக் குரோமேட்டோகிராம், அழுத்திய கிளை நாலையும் எடுத்துப் போங்கள்.

போன ஆண்டு ஒருவர் தன் வீட்டு எலுமிச்சையை வைத்து இப்படிக் குழம்பினார். நம் எலுமிச்சையின் தந்தை சிட்ரஸ் மெடிக்கா, தாய் பிலிப்பைன்ஸ் பக்கத்துச் சிட்ரஸ் மைக்ராந்தா. அவருடைய பசுங்கணிக மரத்தில் எலுமிச்சை மைக்ராந்தாவோடு ஒட்டி நின்றது, ஐ.டி.எஸ் மரம் மெடிக்கா பக்கம் இழுத்தது. இரண்டு மரங்களையும் பக்கத்துப் பக்கத்துத் தாளில் அச்சடித்து, ஒன்றின்மேல் "அம்மா" என்றும் மற்றதன்மேல் "அம்மாவும் அப்பாவும்" என்றும் எழுதிக் கொடுத்தேன். அந்த இரண்டு தாளும் அப்படியே அவருடைய அறிக்கையில் எதிரெதிர்ப் பக்கங்களாகப் போயின.